பூச்சியை வழிமறிக்கும் செடிகள்: துணைப்பயிர் முறைக்கு ஓர் எளிய விளக்கம்

தக்காளிக்குப் பக்கத்தில் செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்பதை, இயற்கை முறையில் தோட்டம் போடத் தொடங்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேள்விப்பட்டுவிடுகிறார்கள். கேட்டதோடு நிற்காமல் வைத்தும் பார்க்கிறார்கள். சிலருக்குப் பலன் கண்கூடாகத் தெரிகிறது. வேறு சிலருக்கோ செண்டுமல்லி ஒரு பக்கம் செழிப்பாகப் பூத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் தக்காளியைப் புழு துளைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தரப்பினரும் சொல்வது உண்மைதான். செண்டுமல்லி எந்தப் பூச்சியிடம், அந்தப் பூச்சியின் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில், என்ன வேலையைச் செய்கிறது என்று கேட்காமலேயே அதை நட்டுவிடுவதால்தான் ஒருவருக்குக் கிடைத்த பலன் இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை.

முக்கியப் பயிரைப் பூச்சியிடமிருந்து காப்பதற்காகவே அதன் அருகில் அல்லது அதைச் சுற்றி வளர்க்கப்படும் செடியைத் துணைப்பயிர் என்கிறோம். இடத்தை வீணாக்காமல் கூடுதல் விளைச்சல் எடுப்பதற்காகப் போடும் ஊடுபயிருக்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. ஒரே செடி இரண்டு வேலையையும் பார்த்தால் அது நமக்குக் கிடைத்த லாபம். இந்தச் செடிக்கு அந்தச் செடி பிடிக்கும், இதற்கு அது ஆகாது என்று பொருத்தம் பார்க்கும் நீண்ட பட்டியல்கள் ஏராளமாகச் சுற்றி வருகின்றன. அவற்றில் சோதித்துப் பார்க்கப்பட்டவையும் உண்டு, ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதியவையும் உண்டு. படிப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பூச்சி எந்த வழியாக நம் செடிக்கு வந்து சேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அந்த வழி தெரிந்துவிட்டால், அதில் எந்த இடத்தில் எந்தச் செடியை நிறுத்துவது என்பது தானாகவே விளங்கத் தொடங்கும்.

பூச்சி செடியைக் கண்டுபிடிக்கும் விதம்

முட்டையிடத் தயாராக இருக்கும் ஒரு பெண் பூச்சி, தன் குஞ்சுகளுக்கு ஏற்ற செடியைத் தேடிப் பறக்கிறது. தொலைவில் இருக்கும்போது காற்றில் வரும் மணம் அதற்கு வழிகாட்டுகிறது. நெருங்கி வந்தபின் பழுப்பு நிற மண்ணுக்கு நடுவே தெரியும் பச்சை நிறம் அதை இழுக்கிறது. இலையில் உட்கார்ந்த பிறகு, காலில் உள்ள சுவை உணரிகளால் இலையின் மேற்பரப்பைச் சோதித்து, இது சரியான செடிதானா என்று முடிவு செய்கிறது. பல பூச்சிகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் போதாது. முட்டைக்கோஸின் வேரைத் தாக்கும் வேர் ஈ, ஓர் இலையில் இறங்கி, சிறிது தூரம் நடந்து, மீண்டும் எழும்பிப் பறந்து, அருகில் உள்ள இன்னோர் இலையில் இறங்கி, இப்படித் தொடர்ந்து சில முறை சரியான இலையிலேயே கால் பதித்த பிறகுதான் செடியின் அடியில் போய் முட்டையிடுகிறது.

இங்கிலாந்தில் வெல்ஸ்போர்ன் என்னும் இடத்தில் இருந்த தோட்டக்கலை ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஸ்டான் ஃபிஞ்ச், ரோஸ்மேரி காலியர் என்ற இரு பூச்சியியல் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கம் இந்த நடத்தையை அடிப்படையாகக் கொண்டது. வெற்று மண்ணில் நின்ற முட்டைக்கோஸ் செடிகளின் அடியில் 36 விழுக்காட்டு ஈக்கள் முட்டையிட்டன. குளோவர் என்னும் தரைமூடிச் செடி சூழ நின்றவற்றின் அடியில் முட்டையிட்டவை 7 விழுக்காடு மட்டுமே. குளோவரின் மணம் ஈயை விரட்டியிருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் குளோவருக்குப் பதிலாகப் பச்சை நிற அட்டைகளைச் சுற்றி வைத்தபோதும் ஏறக்குறைய இதே பலன் கிடைத்தது. அட்டைக்கு ஏது மணம்? சுற்றிலும் பச்சையாக இருந்ததால் ஈ பல முறை தவறான இடத்தில் இறங்கியது. தவறான இடத்தில் ஒருமுறை கால் வைத்ததும் அதுவரை செய்த சோதனை வீணாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சில சுற்றுகளுக்குப் பிறகு அந்தப் பாத்தியை விட்டே பறந்துபோய்விட்டது.

இதிலிருந்து தோட்டக்காரருக்குக் கிடைக்கும் செய்தி எளிமையானது, ஆனால் பலருடைய பழக்கத்துக்கு எதிரானது. களையெடுத்து, கொத்தி, செடிக்குச் செடி வெற்று மண் தெரியும்படி துப்புரவாக வைத்திருக்கும் பாத்திதான் பூச்சியின் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் பாத்தி. கோஸ் வகைச் செடிகளுக்கு இடையில் கொத்தமல்லி, வெந்தயம் போன்ற குட்டையான கீரைகளை விதைத்து மண்ணைப் பச்சையால் மூடுவது, அவற்றின் மணம் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே பயனுள்ளது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ரூட் 1973இல் வெளியிட்ட ஆய்விலும், கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த கொலார்ட் கீரையைத் தனிப்பயிராக அடர்த்தியாக நட்ட இடத்தில் அதையே நம்பி வாழும் வண்டுகள் அதிகமாகத் திரண்டன. வேறு செடிகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாக நட்ட இடத்தில் குறைவாகவே இருந்தன. ஒரே உணவு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதை உண்பவையும் அங்கேயே வந்து தங்கிவிடுகின்றன.

மணம் எவ்வளவு உதவும்?

மணத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி வீட்டுத் தக்காளிகளுக்கு இடையே வளர்க்கப்பட்ட குட்டைச் செண்டுமல்லி வெள்ளை ஈயின் பெருக்கத்தை மட்டுப்படுத்தியது. அதிலிருந்து வெளிப்படும் லிமோனீன் என்ற வேதிப்பொருளுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்று கண்டார்கள். எலுமிச்சைத் தோலைக் கசக்கினால் வரும் வாசனைக்குக் காரணமான பொருள்தான் அது. இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி, தக்காளி நடும்போதே செண்டுமல்லியும் இருந்தால்தான் நல்ல பலன் கிடைக்கிறது என்பது. வெள்ளை ஈ வந்து குடியேறிய பிறகு அவசரமாகக் கொண்டுவந்து வைத்த செண்டுமல்லியால் அந்த அளவுக்குப் பயன் இல்லை. வந்த பூச்சியைத் துரத்துவதை விட, வரும் பூச்சியைத் தயங்கவைப்பதற்கே மணம் உதவுகிறது.

கேரட்டுக்கு இடையே வெங்காயம் நட்டால் கேரட் ஈ குறையும் என்ற பழைய நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். வெங்காயம் தாள் விட்டு வளர்ந்துகொண்டிருக்கும் வரை பலன் இருந்தது. மண்ணுக்குள் வெங்காயம் திரளத் தொடங்கியதும் பலன் போய்விட்டது. ஆக, சரியான துணைச்செடியாகவே இருந்தாலும், வயது தப்பினால் அது வெறும் பக்கத்துச் செடிதான்.

பொறிப்பயிர்

பூச்சியைக் குழப்புவதும் தயங்கவைப்பதும் போக, அதற்கு இன்னும் பிடித்தமான ஒன்றைக் காட்டி வேறு பக்கம் இழுத்துவிடுவது மூன்றாவது வழி. இதற்காக வளர்க்கும் செடிக்குப் பொறிப்பயிர் அல்லது கவர்ச்சிப் பயிர் என்று பெயர். தக்காளியில் காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி பொறிப்பயிராகிறது. அதன் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியின் மொட்டுகளிலும் பூக்களிலும் விரும்பி முட்டையிடும். இங்கே செண்டுமல்லி பூச்சியை விரட்டவில்லை, அழைக்கிறது என்பதைப் பாருங்கள்; வெள்ளை ஈயிடம் அது செய்கிற வேலைக்கு நேர் எதிரான வேலை. அழைப்பு பலிக்க வேண்டுமானால் தக்காளி பூக்கும் நேரத்தில் செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். இதனால்தான் 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி என்ற பரிந்துரையில், 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றுடன் 40 நாள் வயதுள்ள செண்டுமல்லி நாற்றை நடச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் பிடுங்கி நட்டவருக்குப் பலன் கிடைக்காமல் போவது இந்த 15 நாள் கணக்கு தவறியதால் இருக்கலாம். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகு இதே வேலையைச் செய்யும். கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பாக ஒரு வரிசை கடுகும், நட்ட 25ஆம் நாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசையும் விதைத்தால், முதல் வரிசை முற்றும்போது இரண்டாவது இளந்தழையோடு தயாராக நிற்கும்.

பொறி வைத்தவர் பொறியைத் திறந்து பார்க்கவும் வேண்டும். நான் முதன்முதலில் வெட்டுப்புழுவுக்காக வரப்போரத்தில் ஆமணக்கு வைத்தபோது இதை மறந்துவிட்டேன். ஆமணக்கு அழகாக வளர்ந்தது. அந்துப்பூச்சிகளும் தவறாமல் வந்தன. இரண்டு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தபோது இலைகளில் நரம்பு மட்டுமே மிச்சம் இருந்தது. தின்று தீர்த்த புழுக்கள் அடுத்த உணவைத் தேடி மிளகாய்ப் பாத்திக்கு இறங்கியிருந்தன. நானே அவற்றுக்கு நாற்றங்கால் அமைத்துக் கொடுத்தது போலாகிவிட்டது.

வாரம் இருமுறை ஆமணக்கு இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். இந்தப் பூச்சி முட்டைகளைத் தனித்தனியாக இடாமல் ஒரு குவியலாக இட்டு, தன் உடலின் பழுப்பு நிற ரோமங்களால் மூடிவைக்கும்; இலையில் ஒட்டிய சிறு கம்பளித் துணுக்கு போல அது தெரியும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் முதல் சில நாள் கூட்டமாகவே இருந்து இலையின் பச்சையத்தைச் சுரண்டுவதால், அந்த இலை மட்டும் சல்லடைக் கண் போல வெளுத்து, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அந்த ஓர் இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நொடியில் தீர்ந்தன. அவை பிரிந்து போய்விட்ட பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்குவது முடியாத காரியம். பொறிப்பயிரின் முழுப் பயனும் இந்தச் சில நாள் இடைவெளியில்தான் இருக்கிறது.

விரட்டுவதையும் இழுப்பதையும் ஒரே வயலில் சேர்த்துச் செய்ததற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கென்யாவில் உள்ள சர்வதேசப் பூச்சி ஆய்வு மையமான இசிப்பேயும் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் ஆய்வு நிலையமும் 1990களில் மக்காச்சோளத்துக்காக ஒரு முறையை உருவாக்கின. மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற அவரைக் குடும்பச் செடியை வளர்ப்பார்கள். அதன் மணம் தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சியை வயலுக்கு வெளியே தள்ளுகிறது. வயலைச் சுற்றி நேப்பியர் புல் நிற்கிறது. வெளியேறும் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடுகிறது. பொரித்த புழு புல்லின் தண்டைத் துளைக்க முயலும்போது அதிலிருந்து வடியும் பிசினில் சிக்கிப் பெரும்பாலும் மடிந்துபோகிறது. நம் ஆமணக்கைப் போல இந்தப் பொறியை அடிக்கடி காலி செய்ய வேண்டியதில்லை. போதாததற்கு, மக்காச்சோளத்தின் வேரை உறிஞ்சி வாழும் ஸ்ட்ரைகா என்ற களையையும் டெஸ்மோடியம் அடக்கிவிடுகிறது. எந்தப் பூச்சி, எந்தக் கட்டம், எந்த வேலை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுபிடித்த பிறகு நட்டால் என்ன கிடைக்கும் என்பதை இந்த வயல் காட்டுகிறது.

நன்மை செய்யும் பூச்சிகளுக்கு வீடும் உணவும்

இவ்வளவு தடைகளையும் தாண்டிச் சில பூச்சிகள் வந்தே தீரும். அவற்றைத் தின்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. என் அனுபவத்தில் துணைப்பயிரின் மிகப் பெரிய பயன் இங்கேதான் கிடைக்கிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, மிதவை ஈ, புழுக்களின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் ஆகியவை கேட்காமலேயே தோட்டத்துக்கு வருபவைதான். ஆனால் அவை தங்குவதற்கு நம் பாத்தியில் ஒன்றும் இருப்பதில்லை. குளவிக்கும் மிதவை ஈக்கும் வளர்ந்த பருவத்தில் தேனும் மகரந்தமும்தான் உணவு. அவற்றின் வாய் உறுப்பு மிகக் குட்டையானது. நீண்ட குழலாக இருக்கும் பூவின் அடியில் தேன் இருந்தாலும் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, கேரட் ஆகியவற்றின் பூக்கள் குடை போல விரிந்து, தேனைத் திறந்த தட்டில் வைத்தது போலக் காட்டுவதால் இந்தச் சிறு பூச்சிகளுக்கு அவை மிகப் பொருத்தமானவை. ஆகவே பாத்தியில் விதைத்த கொத்தமல்லியை முழுவதும் தழைக்காகப் பறித்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கையாவது பூக்க விட வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துவந்தால் பூ இல்லாத நாளே இருக்காது.

தட்டைப்பயறு வேறொரு வகையில் உதவுகிறது. அதில் பூவுக்கு வெளியேயும் தேன் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. ஆமணக்கிலும் இலைக்காம்புகளில் அப்படிப்பட்ட சுரப்பிகளைப் பார்க்கலாம். தட்டைப்பயறில் வரும் கருநிற அசுவினி பெரும்பாலும் அவரைக் குடும்பச் செடிகளையே நாடுவது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அதனால் பெரிய தொல்லை இல்லை. தட்டைப்பயறில் அசுவினி அப்புவதைப் பார்த்துப் பதறி எதையாவது தெளித்துவிடக் கூடாது. அந்த அசுவினியைத் தின்று பெருகும் பொறிவண்டுகள்தான், பிறகு நம் முக்கியப் பயிரில் அசுவினி வரும்போது முதல் ஆளாக நிற்கப்போகின்றன. தின்பதற்கு ஒன்றும் இல்லாத தோட்டத்தில் எந்தப் பொறிவண்டும் முட்டையிடாது.

புதியவர்கள் நண்பனையே எதிரி என்று நசுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சிவப்பில் கரும்புள்ளி போட்ட பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் புழுப்பருவம் வண்டைப் போலவே இருக்காது. ஆறு கால்களுடன், சாம்பல் கலந்த கறுப்பு உடலில் ஆரஞ்சுத் திட்டுகளுடன், ஒரு குட்டி முதலையைப் போல அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும். இலையின் அடியில் மெல்லிய இழையின் நுனியில் குண்டூசித் தலை போலத் தனித்தனியாக நிற்பவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அவற்றைப் பூஞ்சை என்று எண்ணித் துடைத்துவிடுபவர்கள் உண்டு. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, அசையாமல், வைக்கோல் நிறத்தில் இருந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது என்று பொருள். சில நாள் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், ஒவ்வொன்றின் முதுகிலும் குளவி வெளியேறிய வட்டமான துளை தெரியும்.

அரண் பயிரும் மண்ணுக்கு அடியில் நடப்பதும்

பாத்தியின் எல்லையில் சோளமோ மக்காச்சோளமோ இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக நின்றால், காற்றில் மிதந்து வரும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது ஒரு வேலியாகிறது. அசுவினி பரப்பும் சில நச்சுயிரிகள் (வைரஸ்கள்) அதன் ஊசி போன்ற வாயில் ஒட்டிக்கொண்டு மட்டுமே வருபவை. அது முதலில் சோளத்தில் உட்கார்ந்து நாலு இடத்தில் குத்திப் பார்த்தாலே அந்த நச்சுயிரி அங்கேயே கழிந்துவிடும். பிறகு அதே அசுவினி மிளகாய்க்கு வந்தாலும் நோயைக் கொண்டுவராது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய்க்கு இந்தக் கணக்கு செல்லாது, ஏனெனில் அந்த நச்சுயிரி ஈயின் உடலுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அங்கே சோளம் உயரமான தடுப்பாக மட்டுமே உதவும். வேலி பயிரை விட உயரமாக இருக்க வேண்டுமாகையால், அதை மூன்று நான்கு வாரம் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும்.

செண்டுமல்லிக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு, அது மண்ணுக்கு அடியில் நடக்கிறது. அதன் வேரில் உள்ள டெர்தையினைல் என்ற பொருளை 1947இல் முதலில் செண்டுமல்லிப் பூவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுக்களைக் கொல்லக்கூடியது என்பதை 1958இல் நெதர்லாந்து அறிஞர்கள் காட்டினார்கள். ஆனால் நான்கு தக்காளிக்கு ஒரு செண்டுமல்லி என்று இடையிடையே வைப்பதால் வேர்முடிச்சு நூற்புழு தீர்ந்துவிடாது. பாத்தி முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்து, அதன் பிறகு தக்காளி நட்டால்தான் பலன் தெரியும். இங்கே அது துணைப்பயிர் என்பதை விட முன்பயிர் என்பதே சரி.

முதல் பாத்தியை அமைக்கும்போது

எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் திணிக்க வேண்டாம். கடந்த பருவத்தில் உங்களுக்கு மிகுந்த சேதம் தந்த ஒரே ஒரு பூச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளியில் காய்ப்புழு என்றால், முன்கூட்டியே நாற்று விட்ட செண்டுமல்லி இரு ஓரங்களிலும், தக்காளிக்கு இடையே கொத்தமல்லியும், ஒரு மூலையில் நாலைந்து தட்டைப்பயறும் போதும். இதே அளவில் துணைச்செடி இல்லாத இன்னொரு பாத்தியும் இருக்கட்டும். இரண்டிலும் வாரம் ஒருமுறை பத்துச் செடிகளில் துளைபட்ட காய்களை எண்ணி எழுதிவந்தால், பிறர் சொல்வதை நம்ப வேண்டிய தேவையே இராது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம்; ஒன்றுக்கு வரும் பூச்சியும் நோயும் மற்றவற்றுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் ஒன்றுக்கொன்று துணையாக வைக்கக் கூடாது. துணைச்செடியும் நீரும் வெயிலும் உரமும் கேட்கும் செடிதான். ஓர் அடி இடைவெளி கூட விடாமல் நெருக்கி நட்டால் பூச்சி குறையலாம், காயும் குறைந்துவிடும். புதினாவைத் தரையில் விட்டால் பாத்தியையே பிடித்துக்கொள்ளும், தொட்டியில் வைத்துத் தொட்டியைப் பாத்தியோரம் வையுங்கள். வறண்ட வெயில் காலத்தில் செண்டுமல்லியில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகும். இலைகள் வெளிறி நூலாம்படை தெரிந்தால் அந்தச் செடியை உடனே அகற்றிவிட வேண்டும். இயற்கையானது என்ற தைரியத்தில் வேப்பெண்ணெயையும் சோப்புக் கரைசலையும் வாரந்தோறும் தோட்டம் முழுக்கத் தெளிப்பவர்கள், நண்பர்களின் மென்மையான புழுப்பருவங்களையும் சேர்த்தே அழிக்கிறார்கள். தெளித்தே ஆக வேண்டும் என்றால் மாலையில், பாதித்த செடியில் மட்டும், பூக்களைத் தவிர்த்துத் தெளிக்கலாம்.

அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிச் சுத்தம் செய்யும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். காய்ந்த தக்காளிக் கொடியை எடுத்துவிடலாம். பூவோடும் விதையோடும் நிற்கும் கொத்தமல்லியையும், அசுவினி அப்பிய தட்டைப்பயறையும் அடுத்த பாத்தியின் நாற்றுகள் வேர்பிடிக்கும் வரை அப்படியே விட்டுவையுங்கள். அவற்றின் இலைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொறிவண்டின் கூட்டுப்புழுக்களுக்கு வண்டாக வெளிவர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வெளிவந்ததும் அவை போக வேண்டிய பாத்தி இரண்டடி தள்ளித்தான் இருக்கும்.